ஆட்டாமல் வைத்த டப்பா

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். லாட்ஜ், பட்டறை, மீன் லாரி என்று சுற்றிவிட்டு, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரி ஒன்றில் சேர்ந்தேன். படுக்க இடமில்லாத மாதங்களிலும் பழைய ஃபிலிம் கேமராவை விற்கவில்லை. ஃபிலிம் கழுவ எனக்கு ஸ்டுடியோ வேண்டாம். கை நுழைக்கும் கருப்புப் பை, மூடி போட்ட டப்பா, படத்தை வரவைக்க டெவலப்பர், அதை நிலைக்கவைக்க ஃபிக்சர் என்று இரண்டு மருந்து போதும்.

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு விவசாயியின் மேட்டுக்காட்டில் இரண்டு குழிகள் புழுதிதான் கக்கின. மூன்றாவதில், உச்சி வெயிலில், தண்ணீர் பீறிட்டது. காட்டுக்காரர் அதனடியில் போய் நின்று முகத்தைத் தூக்கினார். சேற்றுக்குப் பயந்து எல்லோரும் செல்போனை வீட்டில் வைத்திருந்தார்கள். என் கழுத்தில் கேமரா இருந்தது. ஒரு படம் எடுத்தேன், ரோல் முடிந்தது.

"அந்தப் போட்டோ எனக்கு வேணுமுங்க," என்றார் அவர் மனைவி. "இந்த மனுசன் சிரிச்சு வருசமாச்சுங்க."

மறுநாள் காலை நாங்கள் வேறு ஊர் போகிறோம். அன்றே கழுவி, பிரிண்ட் போட்டுக்கொள்ள அந்த ஃபிலிம் துண்டை அவரிடமே கொடுத்துவிட முடிவு செய்தேன்.

கண் கூசும் வெள்ளைத் தண்ணீர், அதற்குள் கருத்த முகம். வழக்கம்போல டப்பாவை ஆட்டிக்கொண்டே இருந்தால் முகம் தெரிவதற்குள் தண்ணீர் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். நான் டெவலப்பரை நூறு பங்கு தண்ணீரில் கலந்து ஊற்றி, அரை நிமிடம் மெதுவாகக் கவிழ்த்து, ஒரு மணி நேரம் அசையாமல் விட்டுவிடுவேன். வெளிச்சம் பட்ட இடத்தில் மருந்து சீக்கிரம் தீர்ந்து அடங்கும். நிழலில் மெல்ல வேலை செய்துகொண்டிருக்கும். பாதியில் ஒரே ஒரு முறை கவிழ்ப்பேன். அதையும் விட்டால் படத்தில் கோடு விழும்.

டப்பாவை லாரியின் டூல்ஸ் பெட்டி மேல் வைத்தேன். எங்களுக்கு மேசை, அலமாரி, கட்டில் எல்லாம் லாரிதான். பத்து நிமிடம் போனதும், குழியைச் சுத்தம் செய்ய டிரில்லர் கம்ப்ரசரைப் போட்டார். டப்பா நடுங்கிக்கொண்டே நகர்ந்தது.

"அண்ணா, நிறுத்துங்க!"

"எதுக்குடா? உள்ள கோழி அடை காக்குதா?"

தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். அங்கேயும் தரை அதிர்ந்தது.

"இங்க கொண்டாங்க சாமி," என்று அந்த அம்மா தண்ணீர்ப் பானையை நகர்த்தி, அதனடியில் இருந்த ஈர மணலில் குழி பறித்தார். டப்பாவைக் கழுத்துவரை புதைத்தோம். மணல் அதிர்வை வாங்கிக்கொண்டது, குளிர்ச்சியும் கிடைத்தது. லாரியில் ஆடியதற்காகப் பத்து நிமிடம் குறைத்துக்கொண்டேன். அந்த மட்டுக்கு என் கணக்கு தப்பாது.

ஃபிக்சர் ஊற்றி, அலசி, ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்தேன்.

"ஐயோ, தண்ணி கருப்பா இருக்குது! இவருக்குத் தலை நரைச்சுப்போச்சு!" என்றார் அந்த அம்மா.

"நெகட்டிவ்ல கருப்பும் வெள்ளையும் தலைகீழாத்தான் தெரியுமுங்க. பிரிண்டுல மாறிடுங்க."

அவர் இன்னும் கிட்டே வந்தார். தண்ணீர் இழை இழையாகப் பிரிந்து நின்றது. அதற்குள் முகம் முழுசாக இருந்தது.

"பல்லும் கருப்புத்தான். ஆனா சிரிப்பு சிரிப்பாத்தானுங்க இருக்குது."

ஈர ஃபிலிமை உள்ளே கொடியில் மாட்டினேன். சேறும் புழுதியுமாக வந்த கணவரை அவர் வாசலிலேயே மறித்தார்.

"அங்கயே நில்லுங்க, தூசி படும். உள்ளார நீங்க காஞ்சுக்கிட்டு இருக்கறீங்க."