மோட்டார் நின்ன மத்தியானம்

என் கண்ணை எடுத்துக்கிட்டது மாரியாத்தாதானுங்க. அவகிட்டயேதான் நான் ஒதவி கேட்டேன். கேட்டது கெடச்சுது. ஆனா அதைச் சிரிச்ச மொகமாச் சொல்ல எனக்கு வரமாட்டேங்குது. உள்ளது உள்ளபடி சொல்றேன், கேட்டுக்குங்க.

எம்பேரு மயிலாத்தா. பாலக்காட்டுப் பக்கம் சித்தூர்த் தாலுக்காவுல, கோயமுத்தூர் எல்லைய ஒட்டுன ஊரு. கல்யாணமாகி எட்டாவது மாசம் எனக்கு அம்மை போட்டுச்சு. வயசு அப்பப் பத்தொம்போது. வேப்பந்தழைல படுத்துக் கெடந்து, மூணு தண்ணி ஊத்தி எந்திரிச்சப்ப ரெண்டு கண்ணுலயும் வெளிச்சமில்ல. புருசன் ஊட்டுக்காரங்க வண்டி கட்டிக் கூட்டியாந்து எங்கப்பா வாசல்ல எறக்கி உட்டாங்க. ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்காம வண்டியத் திருப்பிட்டாங்க. அடுத்த வருசம் அவருக்கு வேற பொண்ணு கட்டியாச்சு.

எங்கப்பா என்னைய மூலைல உக்கார வெக்கல. "ஊட்டுல எந்தச் சாமானும் எடம் மாறக்கூடாது"ன்னு எல்லாருத்துக்கும் சொல்லிப்போட்டாரு. பத்து வருசம் நான் சோறாக்குனேன், ராகி அரைச்சேன், எருமை பீச்சுனேன். எழுபத்தி நாலாம் வருசம் ஐப்பசில அப்பா செத்தாரு. அவரு செத்த பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச மறுநாளே என்னைய அடுப்புக்கிட்ட வரவேண்டாம்னுட்டாங்க.

எனக்கு ஒரே அண்ணன், ஆறுச்சாமி. அவரு பொண்டாட்டிய நான் நங்கைன்னு கூப்புடுவேன். நங்கை கெட்டவங்கன்னு சொல்லமாட்டேன். தட்டுல சோறு போட்டுக் கொண்டாந்து வெப்பாங்க. ஆனா மாட்டுக் கொட்டாயிக்கு அடுத்த ரூமுல உக்காத்தி, "எந்திரிக்காத மயிலா, எங்காச்சும் உளுந்து தொலைச்சீன்னா ஊரு எங்களத்தான் கேக்கும்"னு சொல்லிட்டே இருப்பாங்க. என் கையி ரெண்டும் சும்மா கெடந்தது அப்பத்தானுங்க. கண்ணு போனப்பக்கூட நான் அப்படி அழுகல.

மார்கழில ஒரு நாள் அண்ணன் வந்து, பழனிப் பக்கம் ஒரு மடம் இருக்குது, கண்ணில்லாதவங்க, காலில்லாதவங்களையெல்லாம் வெச்சுச் சோறு போடறாங்கன்னு சொன்னாரு.

"எனக்கு என்னுங்கண்ணா நோவு? நான் எதுக்கு மடத்துக்குப் போகோணும்? அப்பா கட்டுன சாளை தோட்டத்துக் கோடில சும்மாதான கெடக்குது. நான் அங்க இருந்துக்கறேன்."

"தனியாவா?"

"எருமையக் குடுங்க. தனியாத்தான்."

அவரு சிரிச்சாரு. "போயி ரெண்டு நாள் இருந்து பாரு. மூணாம் நாள் நீயே வந்து நிப்பே"ன்னாரு.

எழுபத்தஞ்சு தை மாசம் நான் சாளைக்குக் குடி போனேன். ஒத்தை ரூமு, ஓலைக் கூரை. மூணாம் நாள் நான் திரும்பிப் போகல. முப்பதாம் நாளும் போகல. எருமைப் பால டீக்கடைக்காரம்மா வந்து வாங்கிக்கிட்டாங்க. தண்ணிக்கு மட்டும் எம்பது தப்படி நடந்து கெணத்துக்குப் போகோணும். எங்க பக்கத்துக் கெணறு தெரியுமில்லீங்க, வெட்டவெளியா, சுவரில்லாம, கல்லுப்படி எறங்கிப் போறது. தப்படிய எண்ணிக்கிட்டுப் போவேன், எண்ணிக்கிட்டு வருவேன்.

பங்குனில ஒரு நாள் காலைல எண்ணிக்கை தப்பிப்போச்சு. நாலாம் படின்னு நெனச்சு வெச்ச காலு வெறும் காத்துல போச்சு. உருண்டு போயி நடுத்திட்டுல உளுந்தேன். இன்னொரு மொழம் தள்ளி உளுந்திருந்தா தண்ணி. வலது கை மணிக்கட்டு பொடிப்பொடியாப் போன மாதிரி இருந்துச்சு. இடுப்ப அசைக்க முடியல.

கத்துனேன். பக்கத்து வயல்ல ஆளுங்க களை எடுத்துக்கிட்டிருந்தாங்க, அது எனக்குத் தெரியும். ஆனா அதே கெணத்து மேட்டுல எங்கண்ணனோட மோட்டார் ஓடிக்கிட்டிருந்துச்சு. அந்தச் சத்தத்துல என் கொரலு எனக்கே கேக்கல. வெயிலு மொதல்ல காலுல பட்டுச்சு. அப்பறம் வயித்துல. அப்பறம் மொகத்துல. உச்சிவெயிலுன்னு தெரிஞ்சுக்கிட்டேன். நாக்கு வறண்டு கொரலும் போயிருச்சு.

அப்பத்தான் ஆத்தாளக் கூப்பிட்டேன். கூப்பிட்டேன்னு சொல்றது தப்பு. திட்டுனேன். "எங்கண்ணத் தின்னவளே! பத்து வருசமா உனக்கு நான் மாவிளக்கு வெச்சிருக்கறேன். கண்ணத் திருப்பிக் குடுன்னு ஒருநாளாச்சும் கேட்டிருப்பேனா? இன்னைக்குக் கேக்கறேன். கண்ணு வேண்டாம். ஒரு ஆள அனுப்பு. இல்லீன்னா இந்தக் கெணத்துலயே போறேன், இனி உன்ற பேரச் சொல்ல ஒரு வாயி கொறையட்டும்."

சொல்லி வாய மூடல. மோட்டார் நின்னுபோச்சு.

கரண்ட் போயிருச்சுங்க. வேற ஒண்ணுமில்ல. எங்க ஊர்ல கரண்ட் போறது அதிசயமான்னு நீங்க கேக்கலாம். நானும் கேட்டுப் பாத்துட்டேன். எத்தனையோ தடவை போகுது. ஆனா அந்த நொடில போச்சு. தோட்டமே அமந்துபோச்சு. இருந்த மூச்சையெல்லாம் சேத்து ஒரு கத்துக் கத்துனேன்.

மேல காலடிச் சத்தம் ஓடி வந்துச்சு. வந்தது ரங்கி. காலனிக்காரி. எங்கண்ணன் வயல்ல கூலிக்குக் களை எடுக்கறவ. என்னையவிடப் பத்து வயசு மூப்பு. ஆனா எங்க ஊட்டுல நண்டு சிண்டு எல்லாம் "வாடி ரங்கி, போடி ரங்கி"ன்னுதான் கூப்புடும். நானுந்தான். எங்க வாசப்படியத் தாண்டி அவ ஒருநாளும் வந்ததில்ல. கொட்டாங்குச்சில நானே எட்ட நின்னு அவளுக்குத் தண்ணி ஊத்தியிருக்கறேன்.

அவ படி எறங்கி எங்கிட்ட வந்து நின்னுட்டா. மூச்சு வாங்கறது கேக்குது. கை வெக்கல.

"அம்மிணி, தொடலாங்களா?"

கையொடிஞ்சு கெணத்துக்குள்ள கெடக்கறவளப் பாத்துக் கேக்கற கேள்விங்களா இது? ஆனா அவ கேக்காமத் தொட்டிருந்தா அவளுக்கு என்ன ஆகியிருக்கும்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். இடது கைய நீட்டுனேன். அவ என்னைய முதுகுல போட்டுக்கிட்டு அத்தனை படியும் ஏறுனா.

மேல வந்ததும் நங்கை ஓடி வந்தாங்க. மொதக் கேள்வி, "அவளா தூக்குனா?" ரெண்டாவதா ஒண்ணுங் கேக்கல. ஒரு கொடம் தண்ணியக் கொண்டாந்து என் தலைல ஊத்துனாங்க. ஒடிஞ்ச கையோட, நடுங்கிக்கிட்டு, ஈரச்சேலையோட என்னையப் பஸ்ஸேத்துனாங்க. ரங்கி எட்டப் போயி நின்னுக்கிட்டாளாம்.

ஆசுபத்திரில மாவுக்கட்டுப் போட்டு ஊட்டுக்கு வந்த அன்னைக்கே மடத்துப் பேச்சு மறுபடி ஆரம்பிச்சுது. "பாத்தியா, நான் சொன்னனில்ல"ன்னு அண்ணன் சொன்னாரு. அந்தக் கொரலுல ஒரு சந்தோசம் இருந்துச்சு. கண்ணில்லாதவங்களுக்கு அது நல்லாத் தெரியும்.

அப்பத்தான் நாச்சிமுத்தண்ணன் சொல்லியனுப்புனாரு. பஸ் நிக்கிற எடத்துல தையக்கடை வெச்சிருக்கறாரு. சின்ன வயசுல ரெண்டு காலும் சூம்பிப் போனவரு. கைமிஷின் வெச்சுத் தெக்கறாரு, கடைலயே தனியாக் குடியிருக்கறாரு. நான் சொல்லச் சொல்ல இத எழுதறதும் அவருதான். தன்னப் பத்தி வர்ற எடத்துலயெல்லாம் எழுதாம நிறுத்தறாரு. நான் அதட்டி அதட்டி எழுத வெக்கறேன்.

ஒரு ஞாயித்துக்கெழம அவரு கடை வாசல்ல ஏழெட்டுப் பேரக் கூட்டுனாரு. ரங்கி வந்தா, அவ புருசன் வந்தான், டீக்கடைக்காரம்மா வந்தாங்க, இன்னும் நாலஞ்சு பேரு. என்னையும் கூட்டியாரச் சொன்னாரு.

"என்னையும் இப்படித்தானுங்க எங்கூட்ல மடத்துக்கு அனுப்பப் பாத்தாங்க. இந்தம்மிணிக்குச் சோறு போட ஆளு வேண்டாம். தண்ணிக்குப் போற தடம்தான் வேணும். அம்மிணி, உங்களுக்கு என்னென்ன வேணும்? நீங்களே சொல்லுங்க"ன்னாரு.

அப்பா செத்ததுக்கப்பறம் அந்தக் கேள்விய எங்கிட்ட யாருமே கேக்கலீங்க. நான் சொன்னேன். கெணத்துக்குப் புடிச்சுட்டுப் போக ஒரு கயிறு. படில ஒரு மூங்கக் கம்பு. காலைல ஒரு தடவை யாராச்சும் இருக்கறனா செத்தனான்னு கேட்டுட்டுப் போகோணும். அவ்வளவுதான்.

மோட்டார் வந்தப்பறம் ஊருக்குள்ள மாடு பூட்டித் தண்ணி எறைச்ச பழைய கவலை வடமெல்லாம் சும்மா கெடந்துச்சு. கேட்டு வாங்கி, ரங்கியோட புருசன் கம்பு நட்டு, சாளைல இருந்து கெணத்துக்கு ஒண்ணு, ஊருக்குப் போற தடத்துக்கு ஒண்ணு கட்டிக் குடுத்தான். கை கூடி நான் சாளைக்குத் திரும்புன நாள்ல இருந்து மொறை வெச்சுக்கிட்டாங்க. யாரு மொறையோ அவங்க தடத்துல நின்னு "மயிலம்மிணி!"ன்னு ஒரு கொரலு குடுப்பாங்க. "இருக்கறனுங்க"ன்னு நான் சொன்னா நடையக் கட்டிருவாங்க. சொல்லலீன்னாத்தான் உள்ள வரோணும். பேச்சு அப்படி.

எல்லாம் நேரா நடந்துச்சுன்னு நெனைக்காதீங்க. மொத வாரமே டீக்கடைக்காரம்மா பாவம்னு உள்ள வந்து சட்டி பானையெல்லாங் கழுவி அடுக்கி வெச்சுட்டுப் போயிட்டாங்க. உப்புச் சட்டியத் தேடித் தேடி, கெடைக்காம, நான் தரைல உக்காந்து அழுதேன். அந்தப் பக்கம் அன்னைக்கு யாரும் வரல. "அவுங்க ஊடு, அவுங்க கேட்டதச் செய்யுங்க, கேக்காதது ஒண்ணுஞ் செய்யாதீங்க"ன்னு நாச்சிமுத்தண்ணன் சத்தம் போட்டாராம். அந்தம்மா ஒரு மாசம் எங்கிட்டப் பேசல.

ஆடி மாசம் ஒரு நாள் காலைல கயித்தப் புடிச்சேன், கயிறு கையோட வந்துச்சு. அறுத்திருந்தாங்க. தேஞ்சு போனதில்ல, அருவா வெச்சு அறுத்தது. நுனியத் தடவிப் பாத்தா தெரியாதுங்களா? யாருன்னு எனக்குத் தெரியும். இதுல எழுத வேண்டாம்னுட்டேன்.

ரங்கியோட புருசன் மறுபடி கட்டுனான். அந்த வாரமே ரங்கிய எங்கண்ணன் வேலைக்கு வரவேண்டாம்னுட்டாரு. என்னையத் தொட்டுத் தூக்குனதுக்கு அவளுக்குக் கெடச்சது அதுதான். பக்கத்துத் தோட்டக்காரங்களும் கூப்புடல. விடியறதுக்கு முன்னால எந்திரிச்சு, எல்லை தாண்டி அந்தப் பக்கம் வேலைக்கு நடந்து போனா. போற வழில எனக்குக் கொரலு குடுக்கறத மட்டும் உடல. "ரங்கிக்கு ஒரு வழி காட்டு ஆத்தா"ன்னு நான் கேக்காத நாளில்ல. ஆத்தா அதுக்கு இன்னும் பதிலு சொல்லல. அதையும் மறைக்காமச் சொல்லோணுமில்லீங்க.

ஒரு நாள் நான் அவள அக்கான்னு கூப்பிட்டேன். அவ பதறிட்டா.

"அய்யோ, அப்படிக் கூப்புடாதீங்க அம்மிணி. யாரு காதுலயாச்சும் உளுந்தா அடி எனக்குத்தான் வரும்."

"யாருமில்லாதப்பக் கூப்புடறேன்."

அப்பறம், "சரி, கூப்புடுங்க"ன்னா.

இப்ப நான் மொறை வாங்கறது மட்டுமில்ல, குடுக்கறேன். நாச்சிமுத்தண்ணனுக்குக் காய்ச்சல் வந்து படுத்தப்ப, பதினோரு நாளு நாந்தான் கஞ்சி காச்சிக் கொண்டுபோனேன். ரங்கக்காளோட மகளுக்குக் கொழந்த பொறந்தப்ப அந்தப் புள்ளைய என் சாளைல போட்டுத்தான் அந்த மக வேலைக்குப் போனா. பக்கத்து ஊருல கை கால் இழுத்துக்கிட்ட ஒருத்தரு, காது கேக்காத ஒரு பொம்பள, ரெண்டு பேருக்கும் இப்ப இதே மாதிரி மொறை வெச்சிருக்கறாங்க. அவங்கவங்க ஊட்லயே இருக்கறாங்க. யாரும் மடத்துக்குப் போகல.

எழுபத்தேழு மாரியம்மன் நோம்பிக்கு ஊர்ப் பெரியவங்க ஆளனுப்புனாங்க. ஆத்தா பண்ணுன அதிசயத்த நீ கோயில்ல மைக்குல சொல்லோணும்னாங்க. எனக்கும் சந்தோசம். மாவிளக்கு எடுத்துக்கிட்டு, ரங்கக்கா கையப் புடிச்சுக்கிட்டுப் போனேன். வாசல்ல நிறுத்திட்டாங்க.

"நீ வா அம்மிணி. அவ அங்கயே நிக்கட்டும்."

"அவ இல்லாம எனக்கு எப்படீங்க வழி தெரியும்?"

"நாங்க கையப் புடிச்சுக் கூட்டிப் போறோம் வா."

மூணு நாலு கை நீண்டுச்சு. ஒரு கை எங்கண்ணனோடது. வளையச் சத்தம் கேட்டுச்சு, ஒண்ணு நங்கையோடது. நான் கெணத்துல கெடந்தப்ப இந்தக் கையெல்லாம் எங்க இருந்துச்சுன்னு கேக்க வாயி துடிச்சுது. ரங்கக்கா என் காதுல, "நீங்க போங்க அம்மிணி, எனக்கு ஒண்ணுமில்ல"ன்னா. கைய உருவப் பாத்தா. நான் உடல.

"ஆத்தா எனக்கு அனுப்புன ஆளு இவதானுங்க. ஆத்தா அனுப்புன ஆள ஆத்தா வாசல்லயே நிறுத்துனா, நான் உள்ள வந்து என்னத்தச் சொல்றது?"

மாவிளக்க அங்கயே மண்ணுல வெச்சுப் பத்த வெச்சோம். மைக்குல வேற யாரோ பேசுனாங்க. அங்க பேச முடியாததத்தான் இங்க எழுதச் சொல்லியிருக்கறேன்.

அன்னைக்கிருந்து செவ்வாக்கெழமைக்குச் செவ்வாக்கெழமை நாங்க ரெண்டு பேரும் கோயில் மதிலுக்கு வெளிய நின்னு கும்படறோம். நாச்சிமுத்தண்ணனும் தவந்து வந்துர்றாரு. உள்ள அடிக்கற மணி எங்களுக்கும் கேக்குது. நான் சொல்றது ஆத்தாளுக்குக் கேக்குதுன்னும் எனக்குத் தெரியும். ஒரு மோட்டார் சத்தத்துலயே கேட்டவளுக்கு ஒரு மதிலு பெருசில்ல.

உங்களுக்கும் கஷ்டம் இருக்கும். ஆத்தாளக் கேளுங்க. கோவமிருந்தா திட்டிக்கூடக் கேளுங்க, அவ தாங்கிக்குவா. கண்டிப்பா ஆளனுப்புவா. வந்த ஆளு யாரா இருந்தாலும் அவங்க கையப் புடிச்சுக்கிட்டு, ஒரு செவ்வாக்கெழமை மதிலுக்கு இந்தப் பக்கம் வந்து எங்ககூட நில்லுங்க. இங்க எடம் நெறைய இருக்குதுங்க.