ரேவதிக்கு மறுக்கப்பட்ட இணைச்சீர்

கோயம்புத்தூர், சிங்காநல்லூர்
14-12-2025, ஞாயிற்றுக்கிழமை (கார்த்திகை 28), காலை 6.40 மணி
கடித எண்: 2 (முதல் கடிதம் திருத்தம் கோரித் திருப்பி அனுப்பப்பட்டது)

பொருள்: கோயில் ஆண்டு மலருக்கான நினைவஞ்சலி

மலரின் ஆசிரியரும், மறைந்த ரேவதியின் பெரியப்பாவுமாகிய தங்களுக்கு, அவருடைய தாய்மாமன் எழுதுவது.

நான் அனுப்பிய கட்டுரையில் திருமணத்தைப் பற்றிய பகுதியை நீக்கிவிட்டால் அட்டைப்படத்தோடு வெளியிடுவதாகத் தொலைபேசியில் சொன்னீர்கள். "மத்ததெல்லாம் அருமையா இருக்குதுங் மச்சான். அந்தக் கல்யாண விசயத்தை மட்டும் எடுத்துப்போடுங்க, போன உசுரைப் பத்தி எழுதறப்ப எதுக்குங்க வம்பு?" என்றீர்கள். நான் எதையும் நீக்கவில்லை. விட்டுப்போன விவரங்களையும் சேர்த்து மீண்டும் எழுதியிருக்கிறேன்.

இம்மாதம் மூன்றாம் தேதி புதன்கிழமை விடியற்காலையில் செய்தி வந்தது. அழைத்தவர் ரேவதியின் தம்பி கார்த்திகேயன். "மாமா, அக்கா எந்திரிக்க மாட்டேங்கறா" என்றார். கார்த்திகை தீபத்துக்காக ரேவதி முதல்நாளே தம்பி வீட்டுக்கு வந்திருந்தார். மூளையில் இரத்தக் கசிவு என்று மருத்துவமனையில் சொன்னார்கள். ரேவதிக்கு வயது முப்பத்தொன்பது. நாளிதழ்களில் வந்ததுபோல் நாற்பத்திரண்டு அன்று.

அவர் என் தங்கையின் மகள். நேரில் அவரை 'வா, போ' என்றுதான் அழைத்தேன். இக்கட்டுரையில் மரியாதைப் பன்மையில் எழுதுகிறேன். அவர் இருந்தபோது நம் சபை கொடுக்கத் தவறியதை எழுத்திலாவது கொடுக்க வேண்டும்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 'ரெண்டாம் ஷிப்ட்' என்ற பெயரில் கணினியில் நடன இசை அமைத்தவர்கள் இருவர். ஒருவர் கார்த்திகேயன், மற்றவர் ரேவதி. அவர்களுடைய 'படியில நிக்காதீங்க' பாட்டுக்குச் சத்தியமங்கலத்திலிருந்து கொடுமுடி வரை ஆடாத கல்யாண மண்டபம் இல்லை. அது 2022இல் வந்ததாகப் பலர் எழுதுகிறார்கள். தவறு. அது வெளியானது 2023 பிப்ரவரி 3, வெள்ளிக்கிழமை.

ரேவதியின் கணவர் 2017இல் சாலை விபத்தில் இறந்தார். குழந்தைகள் இல்லை. அதன்பின் ரேவதி காங்கேயத்தில் ஓர் எண்ணெய் ஆலையில் கணக்கராகச் சேர்ந்து அங்கேயே விடுதியில் தங்கினார். சனிக்கிழமை தோறும் பேருந்தில் தம்பி வீட்டுக்கு வருவார். அந்தப் பேருந்தில்தான் பாட்டு பிறந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்வதையும், கியர் மாறும்போது எழும் உறுமலையும், நடத்துநர் விசில் ஊதி, "ஏறுங்க, ஏறுங்க, படியில நிக்காதீங்க!" என்று விரட்டுவதையும் கைப்பேசியில் பதிந்துகொண்டு வந்தார். நடத்துநரிடம் முறையாக அனுமதியும் கேட்டிருக்கிறார். அந்த மனிதர் சிரித்து, "என்ற தொண்டைக்கு இத்தனை மவுசுங்களா அம்மணி? எடுத்துக்குங்க, ஆனா டிக்கெட் எடுத்துப்போட்டு எடுத்துக்குங்க" என்றாராம்.

விசில் ஒன்று என்றால் பேருந்து நிற்கும், இரண்டு என்றால் கிளம்பும். பாட்டிலும் அதே கணக்கு. ஒற்றை விசிலுக்கு இசை முழுவதும் அறுந்து நிற்கும். இரட்டை விசிலுக்குக் கூரை இடிவதுபோல் தாளம் விழும். இந்த அமைப்பு ரேவதியுடையது. அவர்கள் வேலை செய்த மாடி அறைக்கு ஒருநாள் சத்தத்தைக் குறைக்கச் சொல்லப் போனேன். தம்பி அந்த இடைவெளியை நிரப்ப இன்னொரு வாத்தியத்தைச் சேர்த்துக்கொண்டிருந்தார். அக்கா அதை நீக்கினார்.

"காலியா இருக்குதே அக்கா."

"இருக்கட்டும் கண்ணு. வண்டி நின்னாத்தான ஏற முடியும்? மாமா, நீங்க சொல்லுங்க."

"எனக்கு ரெண்டுமே தலைவலிதான்" என்றேன்.

"பாத்தியா, மாமாவே ரசிக்கறாரு" என்று சிரித்தார்.

எனக்கு இவ்வகை இசை பிடிக்காது, இன்றும் பிடிக்கவில்லை. ஆனால் ஒரு வேலையை யார் செய்தார் என்பதை ஒரு பஞ்சாலையின் நேர அலுவலகத்தில் முப்பதாண்டுகள் பதிந்தவன் நான். அதில் எனக்குக் குழப்பம் வராது. நம் உறவினர்களுக்கு வந்தது. "பையன் போட்ட பாட்டு" என்றார்கள். அக்கா கூடமாட இருந்து உதவியதாகச் சென்ற ஆண்டு மலரில் தாங்களே எழுதினீர்கள். கார்த்திகேயன் மறுப்பு எழுதி அனுப்பினார். அதைத் தாங்கள் வெளியிடவில்லை.

இனி, தாங்கள் நீக்கச் சொன்ன பகுதி.

கார்த்திகேயனின் திருமணம் 2024 செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. பெற்றோர் இல்லாத வீடு என்பதால் பெரியப்பாவாகிய தாங்கள்தான் முன்னின்று நடத்தினீர்கள். நம் கொங்குத் திருமணத்தில் இணைச்சீர் உண்டு. மணமகனும் உடன்பிறந்தவளும் அருகருகே அமர, ஒரே சேலையின் ஒரு முனை அவனிடமும் மறுமுனை அவளிடமுமாக இருவரையும் சேர்த்து வைத்துச் செய்யும் சீர். மனைவி வந்த பிறகும் சகோதரியை மறக்கமாட்டேன் என்பதற்கான சபை சாட்சி அது. கார்த்திகேயனுக்கு உடன்பிறந்தவர் ஒருவர்தான்.

ரேவதி சீருக்கு அமர வந்தபோது தாங்கள் குறுக்கே வந்து நின்றீர்கள். "அம்மணி, நீ சித்த அந்தப் பக்கம் இரு. நம்ம சின்னவன் மக உக்காரட்டும்" என்றீர்கள். காரணம் கேட்டேன்.

"ஏனுங் மச்சான், வெவரம் தெரிஞ்ச நீங்களே இப்படிக் கேக்கலாமுங்களா? புருசன் இல்லாத புள்ளைய உக்கார வெச்சு, நாளைக்குப் பையனுக்கு ஒண்ணுன்னா ஆருங்க பதில் சொல்றது?"

"ரெண்டு வருசமா பக்கத்துல உக்காந்துதானுங்க பாட்டுப் போட்டா. பையனுக்கு என்னாச்சுங்க? காரு வாங்கினான், அவ்வளவுதான?"

"பாட்டு வேறீங்க, சீரு வேறீங்க."

மணமகன் எழுந்துவிட்டார். "அக்கா இல்லாட்டி எனக்கு இந்தச் சீரே வேண்டாமுங்க பெரியப்பா" என்று சபை கேட்கச் சொன்னார். ரேவதிதான் அவர் தோளை அழுத்தி உட்காரவைத்தார். "உக்காரு கண்ணு. பொண்ணு ஊட்டுக்காரங்க பாத்துட்டு இருக்கறாங்க" என்றார். பிறகு என்னிடம், "விடுங்க மாமா, ஸ்பீக்கர்கிட்ட எனக்கு வேலை கெடக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். சிற்றப்பா மகள் அமர்ந்தாள். அந்தச் சிறுமியின் மீது எனக்கு வருத்தமில்லை.

அன்று மாலை வரவேற்பில் 'படியில நிக்காதீங்க' ஒலித்தது. பொத்தான்களில் கை வைத்திருந்தவர் ரேவதி. ஒற்றை விசிலுக்கு மண்டபமே உறைந்து நின்றது. தாங்களும் ஒரு கையைத் தூக்கியபடி நின்றீர்கள், காணொளியில் இருக்கிறது. இரட்டை விசிலுக்கு எல்லோரும் குதித்தார்கள். இத்தனை பேரை நிறுத்தவும் ஆடவைக்கவும் ஆகுமென்று சபை ஒப்புக்கொண்ட கை, தம்பியின் பக்கத்தில் ஒரு சேலை முனையைப் பிடிக்க மட்டும் ஆகாமல் போனது. இதில் என்ன சாத்திரம் இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை யாரும் விளக்கவில்லை.

ஊர் திரும்பும்போது ரேவதி என்னோடு காரில் வந்தார்.  பல்லடம் தாண்டியதும் ஒன்று மட்டும் சொன்னார்: "கெட்டது நடக்கும்னு அவங்க நம்பறதுகூட எனக்குப் பெருசில்லீங் மாமா. எந்தம்பிக்கு நான் கெட்டதுன்னு சபையில சொல்லிப்போட்டாங்களே."

அதன்பின் அவர் எந்தத் திருமணத்துக்கும் போகவில்லை. அவர் பாட்டு போய்க்கொண்டிருந்தது.

ரேவதி இறந்த புதன்கிழமை பிற்பகல் உடல் வீட்டுக்கு வந்தபோது தெருமுனையில் தாங்கள் வைத்த பதாகை இருந்தது. 'கொங்கு மண்ணின் இசைத்தென்றல்' என்று போட்டிருந்தீர்கள். தென்றலாவது! அந்த மண்டபத்தில் ஒரு நாற்காலி கொடுத்திருக்கலாம்.

பெண் இறந்தால் பிறந்த வீட்டுக் கோடி போடுவது முறை. தம்பி புதுச்சேலை கொண்டுவந்தார், அரக்கு நிறம். அதை உடல்மீது போர்த்திவிட்டு விலக வேண்டும். கார்த்திகேயன் விலகவில்லை. சேலையின் ஒரு முனையை அக்காவின் விரல்களில் சுற்றினார். மறுமுனையைத் தன் கையில் பிடித்துக்கொண்டு, அவர் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"என்ன கண்ணு இது? எடுக்கற நேரமாச்சு" என்றீர்கள்.

"சீரு முடியட்டுமுங்க" என்றார் கார்த்திகேயன்.

கைக்குழந்தையுடன் நின்ற அவர் மனைவி முன்னால் வந்து, கணவரின் நெற்றியில் திருநீறு வைத்தார். ரேவதியின் நெற்றியில் குங்குமம் வைத்தார். நம் பெண்களில் ஒருவர்கூடத் தடுக்கவில்லை. தாங்கள் வாசலுக்குப் போய்விட்டீர்கள்.  போதும் என்று கார்த்திகேயனே எழுந்த பிறகுதான் பாடையைத் தூக்கினோம்.

ரேவதி, உன்னை இப்போது மட்டும் ஒருமையில் அழைத்துக்கொள்கிறேன். உன் தம்பிக்கு நீ நல்லது என்று சபையில் சொல்லியாயிற்று. போய் வா, சாமி.

இப்படிக்கு,
ரேவதியின் தாய்மாமன்

இணைப்புகள்:

1. கணினி முன் அக்காவும் தம்பியும் அமர்ந்திருக்கும் புகைப்படம். இருவரையும் பிரிக்காமல் அச்சிடவும். ரேவதியின் பெயர் முதலில் வர வேண்டும், மூத்தவர் அவர்.

2. சென்ற ஆண்டு தாங்கள் வெளியிடாத கார்த்திகேயனின் மறுப்பு, நகல்.

3. கோயில் அறக்கட்டளையில் என் ஆயுள் உறுப்பினர் அட்டை. இக்கட்டுரையில் ஒரு வரியை வெட்டினாலும் இதையும் சேர்த்து வெட்டிவிடவும்.