டீ நேரத்தில் நான் கேட்ட கேள்வி

இன்று நூலகத்தில் நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே எழுதுகிறேன்.

அரசு வேலைக்கான குரூப் தேர்வுக்குப் படிக்கிற அண்ணன்களும் அக்காக்களும் அங்கே டீ குடிக்கும்போது, ஒருவர் கேள்வி கேட்பார், மற்றவர்கள் விடை சொல்வார்கள். இன்று முதல்முறையாக என்னைக் கேட்கச் சொன்னார்கள்.

"கேளு பாப்பா. பத்தாப்புப் பிள்ளைகிட்ட தோத்தா அம்புட்டுப் பேரும் ஊரைப் பார்த்துப் போயிருவோம்," என்றார் பாண்டி அண்ணன்.

"மக்களவை சபாநாயகர் ராஜினாமா கடிதத்தை யாரிடம் கொடுப்பார்?"

எல்லோரும் வடமதுரையிலிருந்து வருகிற முத்துலட்சுமி அக்காவைப் பார்த்தார்கள்.

"குடியரசுத் தலைவர்கிட்ட," என்றார் அக்கா. உடனே வாயைப் பொத்திக்கொண்டார்.

பாண்டி அண்ணன் என் காதில் சொன்னார்: "போன பரீட்சையில இந்த ஒரு கேள்வியிலதான் அக்காவுக்கு வேலை கிடைக்காமப் போச்சு. இதே தப்பு விடை. அவுக முன்னாடி இதை யாரும் கேக்கிறதில்ல."

அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"துணை சபாநாயகர்னு தெரியும் பாப்பா. தனியா இருந்தா சரியாத்தான் சொல்றேன். யாராச்சும் கேட்டா வாய் அங்கதான் போகுது. ஞாயித்துக்கிழமை பரீட்சை. இதுவும் போச்சுன்னா வீட்டுல கல்யாணத்தை முடிச்சிருவாக, அப்புறம் புத்தகத்தைத் தொட விட மாட்டாக."

உங்களைத் துரத்துகிற கேள்வி எதுவென்று கமெண்டில் சொல்லிவிடுங்கள். அதை மட்டும் கேட்காமல் இருந்துகொள்கிறேன்.

நூலகம் மூடும் நேரம். இதை வாசலில் நின்று எழுதுகிறேன். உள்ளே அக்கா மட்டும்தான், "துணை சபாநாயகர், துணை சபாநாயகர்" என்று முணுமுணுத்துக்கொண்டிருக்கிறார்.

இப்போது நூலகர் வந்து விளக்கை அணைத்துவிட்டார். முணுமுணுப்பு நிற்கவில்லை.