பிளீச்சிங் பவுடர் போட்ட காராமணி

மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். இதை எழுத ஒரு வாரம் பிடித்தது. அவசரம் ஒன்றும் இல்லை.

லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் முப்பது வருஷம் குடியிருந்தேன். சாக்கடையோ தண்ணீர்த் தொட்டியோ, எதற்கும் பிளீச்சிங் பவுடர்தான். கிருமி என்று ஒன்று என் வீட்டில் உயிரோடு இருந்ததில்லை. மகன் கொண்டாப்பூர் ஃபிளாட்டுக்கு அழைத்துக்கொண்ட பிறகு, மொட்டை மாடித் தொட்டிகளில் காராமணி போட்டேன். லாரியில் வந்த மண், எந்த ஊர்க் குப்பையோ. விடுவேனா? பிளீச்சிங் பவுடர் கரைத்து மூன்று நாள் ஊறவிட்டு, அலசிக் காயவைத்து, ஆஸ்பத்திரி மாதிரி ஆக்கினேன்.

எங்கள் சர்ச்சில் அறுப்பின் பண்டிகைக்கு அவரவர் வீட்டில் விளைந்ததைக் காணிக்கையாக வைப்போம். இந்த வருஷம் ஒரு கூடை காராமணி என்னுடையது என்று பெண்கள் கூட்டத்தில் சொல்லியும் வைத்துவிட்டேன். செடிகளோ வெளுத்துக்கொண்டே போயின. பண்டிகைக்கு இரண்டு மாதம்தான் இருந்தது.

மகன் கம்ப்யூட்டர் வேலைக்காரன். போனிலேயே விவசாயம் படித்துவிட்டு வந்தான்.

“மம்மி, செடிக்கு நைட்ரஜன் வேணும். காத்துல நிறைய இருக்கு, ஆனா செடியால அதை அப்படியே எடுத்துக்க முடியாது. மண்ணுல இருக்கிற பாக்டீரியா வேர்ல முடிச்சு கட்டிக் குடியிருந்து, அதைச் செடிக்கு ஆக்கிக் கொடுக்கும். நீங்க அத்தனையும் கொன்னுட்டீங்க.”

“ஹவ், ஆமா, நான்தான் கொலைகாரி. சமையலுக்கு ஆள் வெச்சுக்கிற செடியை இப்பதான் கேள்விப்படுறேன்.”

மறுநாள் ஒரு பாக்கெட் வந்தது. உள்ளே கருப்புப் பொடி. கிருமியாம். நான் காலமெல்லாம் காசு கொடுத்துக் கொன்றதை, என் மகன் காசு கொடுத்து வாங்கி வந்திருந்தான். ஆறிய கஞ்சியில் அதைக் குழைத்து விதையில் பூசி, நிழலில் உலர்த்தி, புது மண்ணில் போட்டேன். கஞ்சி எனக்குத் தெரிந்த வேலை; அவனைக் கை வைக்க விடவில்லை. செடி பச்சைப்பசேல் என்று வந்தது. எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் வந்தது.

பண்டிகையன்று கூடை நிறையவில்லை. இரண்டு கைப்பிடி தேறியது. பக்கத்தில் பூசணிக்காயோடு நின்ற அம்மா ஒரு காயைத் தொட்டுப் பார்த்துக் கேட்டார்.

“நல்லா பிஞ்சா இருக்கே சிஸ்டர், என்ன உரம்?”

யூரியா என்று சொல்லியிருக்கலாம். காணிக்கை வைக்க வந்த இடத்தில் பொய் எதற்கு?

“உரமெல்லாம் நக்கோ, வேணாம். கிருமி போட்டேன். பாக்கெட்டுல வருது.”

அவர் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். ஆராதனை முடிந்து காய்களை ஏலம் விட்டபோது, என் காராமணியை யாரும் கேட்கவில்லை. நானே கேட்டு, நானே எடுத்து வந்தேன். போட்டிக்கு ஆளே இல்லாமல் ஏலத்தில் ஜெயித்த பெருமை எங்கள் சபையில் எனக்கு மட்டும்தான்.