புது ரோட்டில் யாரும் போகவில்லை

ஒரு ரோட்டைத் திருத்தி முடித்தால் சனங்கள் அதில் போவார்கள் என்று நம்பிக்கொண்டிருந்த காலம் எனக்கும் உண்டு. கேகாலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிளாக்கராக இருந்தபோது அந்த நம்பிக்கை போயிற்று. தலைமயிரும் அங்கேதான் போகத் தொடங்கியது. இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பதாக நான் சொல்ல மாட்டேன்.

தோட்டத்திலிருந்து கரவனெல்லைக்கு இறங்கும் ரோட்டில், வளைந்து திரும்பும் ஒரு முடக்கில், ஆளைவிட உயரமான கல் ஒன்று நின்றது. குங்குமம் பூசி, சிவப்புத் துணி கட்டியிருப்பார்கள். அதுதான் முனி. தோட்டத்து லொறி என்ன அவசரத்தில் போனாலும் அங்கே நிற்கும். டிரைவர் இறங்கிச் சூடம் கொளுத்திக் கும்பிட்ட பிறகுதான் மறுபடி சக்கரம் உருளும். ஆஸ்பத்திரிக்குப் போகிற பிள்ளைத்தாய்ச்சிகூட அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பாள். வடக்கிலிருந்து அலுமாரி நிறையப் புத்தகமும் வாய் நிறைய நாத்திகமும் கொண்டு வந்தவன் நான். அந்த நேரம் முன் சீட்டில் இருந்தபடி சிகரெட் பற்றவைப்பேன். நெருப்புப்பெட்டி மட்டும் டிரைவர் சூடம் கொளுத்திய அதே பெட்டியாக இருக்கும்.

பிறகு ரோட்டை அகலமாக்க வந்தார்கள். தார்ப் பீப்பாக்களும் சிவப்புக் கொடியும் ரோலரும் வந்தன. நாங்கள் பழைய ரப்பர் மலைக்குள் புல்லை வெட்டி ஒரு சுற்றுப்பாதை போட்டுக்கொண்டோம். கால் மணி நேரத்தில் போகிற இடத்துக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. எலும்பு குலுங்கியதில் எனக்கு இருந்த வாதம் போய், இல்லாத வாதம் வந்தது.

முனியைப் பூசை செய்து நகர்த்தி வைப்பதாகத்தான் பேச்சு. ஒருநாள் போய்ப் பார்த்தால் முடக்கும் இல்லை, கல்லும் இல்லை. வேலையைப் பார்த்துக்கொண்டவர் ஒரு சிங்கள ஓவசியர். சாதுவான மனிதர், எப்போதும் குடையோடு திரிவார். கல் எங்கே என்று அவரிடம் கேட்டேன்.

"ரோட்டுக்குத்தான் போச்சு, மாத்தயா. வெடி வைச்ச ஆளுக்கு அது சாமின்னு தெரியாது. சல்லி அடிச்சு, போட்டு, தாரும் ஊத்தியாச்சு."

"எந்த இடத்திலை போட்டது?"

அவர் குடையை நீட்டி, மலையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை ஒரு கோடு இழுத்துக் காட்டினார். "அங்க இருந்து இங்க வரைக்கும். நல்ல கல்லு."

ரோட்டைத் திறந்த அன்று எங்கள் டிரைவர் லொறியைக் கொண்டுபோய்ப் புதுத் தாரின் விளிம்பில் நிறுத்தினார். பிறகு பின்னுக்கு எடுத்து, சுற்றுப்பாதைக்குத் திருப்பினார்.

"நின்னுக்கிட்டு இருந்தவரு இப்ப படுத்திருக்காருங்க ஐயா. அவரு நெஞ்சு மேலயா டயர ஏத்துறது?"

அன்றிலிருந்து முழுத் தோட்டமும் சுற்றுப்பாதையில்தான் போனது. புது ரோடு கறுப்பாக, மினுக்கமாக, வெறுமையாகக் கிடந்தது. ரப்பர் இலை உதிரும் காலத்தில் எங்கும் செம்மஞ்சளாகச் சருகு மூடும், அந்தத் துண்டில் மட்டும் ஓர் இலை கிடக்காது. காற்று அடித்துக்கொண்டு போகிறது என்று நான் விளக்கம் சொன்னேன். காற்று இல்லாத நாட்களில் நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

இரண்டு அரசாங்கங்களும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி தோட்டத்துச் சனங்களை இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு மழை நாளில் ரப்பர் பால் வெட்டும் பெண் ஒருத்தியையும் புருஷனையும் கைப்பிள்ளையையும் பொல்காவலை ஸ்டேஷனில் ரயிலேற்றிவிடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அன்றைய ரயிலை விட்டால் தலைமன்னாரில் கப்பலும் போய்விடும். விசா நாளும் அதோடு சரி. பிறகு அவர்கள் அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. அவர்கள் குடியிருந்த லைன் காம்பிராவை அன்று காலையே வேறு ஆளுக்குக் கொடுத்தாகிவிட்டது.

மத்தியானம் கிளம்பினோம். சுற்றுப்பாதையில் பாதி வழியில் மண் சரிந்திருந்தது. ஒரு ரப்பர் மரம் விழாமல், நின்ற நிலையிலேயே மலையிலிருந்து இறங்கி வந்து வழியின் நடுவில் நின்றது. அதில் கட்டியிருந்த சிரட்டையில் பால் சிந்தாமல் இருந்தது. டிரைவர் லொறியைப் பின்னுக்கு எடுத்துப் புது ரோட்டின் விளிம்பில் நிறுத்தி, எஞ்சினை அணைத்தார்.

"என்னால முடியாதுங்க ஐயா."

"விசர்க்கதை கதையாதையும். ரயில் போயிடும். நான் முன்னுக்கு நடந்து காட்டுறன், நீர் எடுத்துக்கொண்டு வாரும்."

இறங்கி நடந்தேன். மலையிலிருந்து பனிப்புகார் இறங்கி ரோட்டை மூடியிருந்தது. மழை தூறியது, சத்தம் மட்டும் இல்லை. ஒரு குருவிகூடக் கத்தவில்லை. என் சப்பாத்துச் சத்தம் எனக்கே தைரியமாக இருந்தது. கொஞ்சத் தூரத்தில் அந்தச் சத்தமும் நின்றுவிட்டது. நான் நடந்துகொண்டுதான் இருந்தேன். காலுக்குக் கீழே தார் வெதுவெதுப்பாக இருந்தது, நெடுநேரம் ஆள் படுத்தெழும்பிய பாய் மாதிரி. அப்போதுதான் குனிந்து பார்த்தேன். நான் வெறுங்காலோடு நின்றேன். சப்பாத்து இரண்டும் என் கையில் இருந்தன. சொக்ஸ் ஒழுங்காகச் சுருட்டி உள்ளே வைக்கப்பட்டிருந்தது. வீட்டில் ஒருநாளும் நான் அப்படிச் செய்ததில்லை. மனைவி சாட்சி.

திரும்பி வந்தேன். ஓடி வந்ததாக டிரைவர் பிற்பாடு பலரிடம் சொன்னார். வேகமாக நடந்தேன் என்பது என் கட்சி.

"என்னாங்க ஐயா, கால்ல முள்ளா?" என்றார் டிரைவர், என் கையைப் பார்த்தபடி.

பதில் சொல்லும் வேலையை அந்தப் பெண் எனக்கு மிச்சப்படுத்தினாள். பிள்ளையைப் புருஷனிடம் கொடுத்துவிட்டு லொறியின் பின்னாலிருந்து குதித்து இறங்கினாள்.

"அண்ணே, ஒரு சூடம் குடுங்க. நான் முன்னால நடக்கிறேன். நான் மிதிச்ச எடத்துல டயர வைங்க. கோவம்னா மொதல்ல எம்மேல வரட்டும்."

"புள்ள, ரயிலுக்கு நேரமாச்சு," என்றான் புருஷன் மேலேயிருந்து.

"அதுக்குத்தான்யா நடக்கிறேன். ஊர விட்டுப் போறவ மேல கோவிச்சு என்னா செய்வாரு? தேடிக்கிட்டு கப்பல்லயா வரப்போறாரு?"

டிரைவர் சிரிக்கவில்லை. அவள் உள்ளங்கையில் ஒரு வெற்றிலையை வைத்து, அதன்மேல் சூடம் ஏற்றிக் கொடுத்தார். அவள் புகாருக்குள் நடந்தாள். லொறி மாடு மாதிரி அவள் பின்னால் ஊர்ந்தது. நான் முன் சீட்டில் இருந்தேன், சிகரெட் நினைவு வரவில்லை. தூறலில் அந்தச் சூடம் அணைந்திருக்க வேண்டும். ஒரு துண்டுச் சூடம் அவ்வளவு நேரம் எரியவும் எரியாது. புகாருக்குள் அவளைத் தெரியவில்லை, அந்த நெருப்பு மட்டும் முன்னே போய்க்கொண்டிருந்தது.

ரோட்டின் மறு முனையில் நெருப்பு நின்றது. அவள் யாரோ பின்னாலிருந்து கூப்பிட்ட மாதிரித் தலையைத் திருப்பிக் கேட்டாள். "சரி," என்றாள். எங்களிடம் அல்ல. குனிந்து, தாரில் இறுகிக் கிடந்த ஒரு சல்லிக்கல்லைப் பிடித்தாள். பிள்ளையின் பால்பல் மாதிரி அது கையோடு வந்தது. முந்தானையில் முடிந்துகொண்டு ஏறினாள்.

"என்ன அது?" என்றேன்.

"வர்றேன்னு சொல்றாருங்க. விட்டுட்டா போக முடியும்?"

நான் இறங்கிப் பக்கத்திலிருந்த கல்லைக் கிள்ளிப் பார்த்தேன். நகம் உடைந்தது.

ரயிலைப் பிடித்தோம். ஜன்னலில் அவள் அழவில்லை. ஒரு கை பிள்ளையைப் பிடித்திருந்தது, மற்றது முந்தானை முடிச்சை.

அதற்குப் பிறகு தோட்டத்திலிருந்து போன ஒவ்வொரு குடும்பமும் அந்த ரோட்டில் நடந்தே போனது. ஆளுக்கொரு கல். அந்த இடத்தில் ஒரு குழி விழுந்தது. ஓவசியர் நிரப்புவார், அடுத்த குடும்பம் போகும், குழி திறக்கும். தண்ணீர் தேங்குவதால் என்று மேலே எழுதி அனுப்பினார். லைன்களில் போக இருந்த கடைசிக் குடும்பமும் போன பிறகு, சீமெந்து போட்டு மூடினார். "இனி ஆள் இல்லைத்தானே," என்று நானும் சொன்னேன். கதவில்லாத காம்பிராக்களில் ஆடுகள் படுத்திருந்தன.

மழையே இல்லாத ஒரு மாதத்தில் அந்தப் பக்கம் போனேன். ஓவசியர் சைக்கிளை ரோட்டோரம் சாய்த்துவிட்டு நின்றார். அவருடைய செருப்பு சைக்கிளுக்கு அடியில் கிடந்தது. சீமெந்து பிளந்து, ஒரு கல்லளவு குழி புதிதாகத் திறந்திருந்தது. விளிம்பு காய்ந்திருந்தது, தண்ணீர் தேங்கிய அடையாளமே இல்லை.

அவர் மெதுவாகக் கேட்டார். "மாத்தயா, இன்னும் யார் போறது?"