சோதித்துப் பார்த்தவள்

அந்த ஆயுத பூஜைக்கு, ஆலைக் கணக்கெல்லாம் இருக்கும் சர்வர் கணினிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தவன் நான்தான். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கார் உதிரிபாகம் செய்யும் எங்கள் ஆலையில் வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் எல்லா எந்திரமும் நிற்கும். பொரி கொடுத்து முடித்த கையோடு, கணினிப் பிரிவில் எனக்குக் கீழே வேலை பார்த்த ஆரம்பாக்கத்துப் பெண் நேராக முதலாளியிடம் போய்விட்டாள். "சார், இன்னிக்கு சர்வர் செத்துப்போச்சுன்னு வச்சிக்கலாம். தெனம் நகலெடுத்து வைக்கிற பேக்கப்ப வச்சி ஸ்பேர் கம்ப்யூட்டர்ல எல்லாம் திரும்ப வருதான்னு பாக்கலாமா?" நல்ல நாள் அதுவுமாகச் சாவுப் பேச்சு! முதலாளியோ நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பதினாலு வருஷத்தில் என் பக்கத்தில் அவர் ஒரு நாளும் அப்படி உட்கார்ந்ததில்லை. தோற்றுப்போகட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

வேண்டியது பலித்தது. ஸ்பேர் கணினியில் வந்தவை எல்லாம் இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஆர்டர்கள். எனக்கு உடனே புரிந்துவிட்டது. அந்தச் சமயம் புது சர்வர் வாங்கியபோது கோப்புகள் வேறு இடத்துக்கு மாறியிருந்தன. நான் அமைத்திருந்த பேக்கப் மட்டும் பழைய இடத்தையே தினமும் நகலெடுத்துக்கொண்டிருந்தது. தினமும் 'முடிந்தது' என்று திரை காட்டும், நானும் கையெழுத்துப் போடுவேன். ஒரு நாளாவது திறந்து பார்த்திருந்தால்தானே! அவளுக்கும் புரிந்துவிட்டது. ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு முதலாளியிடம், "நான்தான் சார் பழைய டிஸ்க்க மாட்டிட்டேன்," என்றாள். "இன்னாம்மா இது, பேஜாரு பண்ணிக்கினு," என்று அவர் எழுந்து போனார். என் வேலை அவளால் தப்பியது. நன்றி வந்திருக்க வேண்டும், வரவில்லை. இவள் யார் என்னைக் காப்பாற்ற என்றுதான் வந்தது. மறுநாளே அவள் பேக்கப்பைச் சரிசெய்தாள். நான் பார்க்காததுபோல் இருந்துகொண்டேன்.

ஐப்பசி மழையில் ஒரு காலை இடி விழுந்து சர்வர் கருகிப்போனது. வாசலில் நான்கு லாரிகள் சரக்கோடு நின்றன. கணினியில் பில் போடாமல் ஒன்றும் நகராது. மதியத்துக்குள் சரக்கு போகாவிட்டால் கார் கம்பெனியில் வேலை நின்று எங்கள் ஆர்டரே கைவிட்டுப் போகும். நான் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு யாரிடமோ பேசுவதுபோல் நடந்தேன். அவள் ஸ்பேர் கணினியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முந்தின இரவின் பேக்கப்பை அதில் ஏற்றினாள். பத்து மணி டீ வருவதற்குள் பிரிண்டர் பில்லைத் துப்ப ஆரம்பித்துவிட்டது. ஓடிவந்த முதலாளி என் முதுகில் தட்டினார்: "நீ இருக்க சொல்லோ எனக்கு இன்னா பயம் நைனா!" அவள்தான் செய்தாள் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சிரித்தேன். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள், அதுவும் மனசாரத் தட்டினாள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அடுத்த வருஷம் ஒரகடத்தில் பெரிய ஆலை ஒன்று அவளைக் கணினிப் பிரிவின் தலைமைக்கே கேட்டது. ஆபத்து நேரத்தில் தனியாகச் சமாளித்திருக்கிறாரா என்று மேலதிகாரி கைப்பட எழுதித் தர வேண்டும் என்றார்கள். மேலதிகாரி நான். அவ்வளவு பெரிய ஆலையில், நான் உட்காராத நாற்காலியில் இவள் உட்காரப் போகிறாளா? 'சர்வர் கருகிய அன்று எனக்கு உதவியாக இருந்தார்' என்று எழுதினேன். படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். "வரேன் சார், ரயிலுக்கு நேரமாச்சி," என்றாள். வேலை வேறு யாருக்கோ போனது.

இது நடந்து ஆறு வருஷம் ஆகிறது. இன்றும் பக்கத்து மேஜையில்தான் இருக்கிறாள். வாரா வாரம் எல்லாவற்றையும் ஸ்பேர் கணினியில் திறந்து பார்க்கிறாள். இன்று காலையும் தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். "எல்லாம் நல்லா வந்துச்சு சார். நீங்க ஒரு தபா பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."

பார்க்காமலே போட்டேன்.