மங்கோலிய மொழிக்கு இரண்டு சாட்சிகள்

எனக்கு யாரையும் சட்டென்று நம்ப வராது. "ஏறுங்க, இப்பவே கிளம்புது" என்று கண்டக்டர் சொன்னால் கீழேயே நின்றுகொள்வேன். டெல்லியில் ஒரு பல்கலைக்கழகத்தில் மங்கோலிய மொழி எம்.ஏ. படிக்கப் போன பிறகு இந்தக் குணம் இன்னும் முற்றிவிட்டது. வகுப்பில் மொத்தமே மூன்று பேர். அதில் ஒருத்தி என் நோட்டை இரவல் கேட்டால்கூட, எதற்குக் கேட்கிறாள் என்று ஒரு நாள் முழுக்க யோசிப்பேன்.

இரண்டாம் வருடம், மங்கோலியாவின் தலைநகரத்தில் ஆறு மாதம் படிக்க எனக்கு உதவித்தொகை கிடைத்தது. இருந்ததே ஓர் இடம்தான். மாதக் கடைசிக்குள் பாஸ்போர்ட் காட்டாவிட்டால் அது அந்த நோட்டு கேட்டவளுக்குப் போய்விடும். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்துவிட்டு ராஜபாளையத்தில் வீட்டில் காத்திருந்தேன். வீட்டில் நானும் அப்பாவும்தான். அப்பா மில்லுக்கு ஷிப்டு போயிருந்த ஒரு காலையில், போலீஸ் விசாரணைக்கு ஏட்டையா வந்தார்.

உட்கார்ந்ததும் மேசை மேலிருந்த என் நோட்டைப் புரட்டினார்.

"இது என்னம்மா, மேலருந்து கீழ எறங்குது?"

"மங்கோலியாவோட பழைய எழுத்து சார்."

"அங்க ஒனக்கு யாரு இருக்கா?"

"யாருமில்ல சார்."

"யாருமில்லாத ஊருக்கு எதுக்கும்மா போற?"

கேட்டுக்கொண்டே அந்தப் பக்கத்தைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படம் எங்கெல்லாம் போகுமோ, அதை யார் என்னவென்று நினைப்பார்களோ என்று மனசு ஓடத் தொடங்கிவிட்டது.

அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் நம்மைத் தெரியும் என்று சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். பக்கத்து வீட்டுத் தாத்தா போட்டுவிட்டார். அடுத்து எதிர்வீட்டு அத்தை. சொந்தமில்லை; அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். சின்ன வயதிலிருந்தே எனக்கு அவர் அத்தைதான். லீவில் வரும்போதெல்லாம், "இன்னும் எம்புட்டு நாளு படிப்பு?" என்று கேட்பார். வாயைக் கிளறுகிறார் என்று நான் நழுவிவிடுவேன்.

ஏட்டையா எதிர்வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார். முகம் மாறியிருந்தது.

"நீ மங்கோலியாங்க. அந்தம்மா நீ கம்ப்யூட்டர் படிக்கேங்காவ. எது நெசம்?"

நான் கல்லூரி அடையாள அட்டையைக் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "பாப்போம்" என்று காகிதங்களை மடித்துக்கொண்டு போனார். அந்தப் "பாப்போம்" என்றால் காகிதம் அங்கேயே கிடந்துவிடும் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

நேரே அத்தை வீட்டு வாசலுக்குப் போனேன். தெருவே பார்க்கிறது என்ற நினைப்பில்லை.

"எம்புட்டு நாளா அத்த இந்தப் பொறாமை? ஒங்க மகன் ஊரத் தாண்டலைன்னு எம் பொழப்புல மண்ணள்ளிப் போடுவீங்களா?"

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒங்கப்பா வரட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். அதையும் மிரட்டல் என்றே எடுத்துக்கொண்டேன்.

அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். மறுநாள் அவர் லீவு போட்டு என்னை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, கோர்ட்டுப் பக்கம் இருக்கும் ஒரு நோட்டரி வக்கீலிடம் அழைத்துப் போனார். வக்கீல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இந்தக் கம்ப்யூட்டர் பேச்சு எங்கருந்து வந்துச்சு?" என்றார்.

"நாந்தான் சார் சொன்னேன்" என்றார் அப்பா.

என்னைப் பார்க்காமல் வக்கீலிடமே தொடர்ந்தார். "மங்கோலியான்னா ஏன், எதுக்குன்னு கேக்காவ. எனக்குச் சொல்லத் தெரியல. கம்ப்யூட்டர்னு சொன்னா மேக்கொண்டு யாரும் கேக்க மாட்டாவ. எதுத்த வீட்டுல மட்டும் நெசத்தச் சொல்லிட்டு, யாரு கேட்டாலும் கம்ப்யூட்டர்னே சொல்லுங்கன்னு கேட்டுக்கிட்டேன். போலீசு வந்து கேக்கும்னு நெனைக்கல."

படிப்பில் சேர்ந்த புதிதில், "ஏட்டி, இந்தப் பாஷைய எதுக்குப் படிக்க?" என்று அப்பா போனில் கேட்டிருந்தார். படிப்பை நிறுத்தத்தான் அடிபோடுகிறார் என்று நினைத்து, "ஒங்களுக்குப் புரியாதுப்பா" என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு அவர் கேட்கவே இல்லை. வக்கீல் முன்னால் எனக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

"உறுதிமொழிப் பத்திரம் நான் போட்டுத் தாரேன். ஆனா அந்தம்மாவே ஸ்டேசன்ல வந்து மாத்திச் சொன்னாத்தான் நல்லது" என்றார் வக்கீல்.

திரும்பும் பஸ்ஸில், அத்தை வர மாட்டார் என்பதற்கு வழியெல்லாம் காரணம் தேடிக்கொண்டே வந்தேன். அப்பா ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தே போன் பண்ணிவிட்டார் போல. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அத்தை சேலை மாற்றிக் கிளம்பி நின்றார்.

ஸ்டேஷனில் அப்பா பேச வாயெடுத்தார். அத்தை முந்திக்கொண்டார்.

"புள்ள மங்கோலியா பாஷைதான் சார் படிக்கா. எனக்கு வெவரம் பத்தல, நாந்தான் மாத்திச் சொல்லிப்புட்டேன்."

"போலீசுகிட்டயே வாய்க்கு வந்ததச் சொல்லுவீங்களா? இம்புட்டு வயசாச்சுல்ல?" என்று ஏட்டையா எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார். அத்தை தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அப்பா ஓரடி முன்னே நகர்ந்தார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். உண்மையைச் சொன்னால் மறுபடியும் சந்தேகம் வரும், பாஸ்போர்ட் நின்றுபோகும். எனக்கு அந்த நேரம் அது ஒன்றுதான் தெரிந்தது. அத்தை கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும், "மன்னிச்சிருங்க அத்த" என்றேன்.

"ஒங்கப்பாவுக்காக வந்தேன்" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்துபோனார்.

மாதம் முடிய நான்கு நாள் இருக்கையில் பாஸ்போர்ட் வந்தது. போனேன், படித்தேன், திரும்பி வந்தேன். இப்போதும் நான் ஊருக்கு வரும்போது அத்தையும் அப்பாவும் வாசலில் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். நான் வெளியே வந்தால் அத்தை பேச்சை நிறுத்திவிட்டு உள்ளே போய்விடுகிறார். முன்பென்றால் என்னைப் பற்றி என்ன பேசினார்கள் என்று அப்பாவைத் துளைத்தெடுத்திருப்பேன். இப்போது எதுவும் கேட்பதில்லை. அவர் ஏன் உள்ளே போகிறார் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.